தரிசு என்னும் பெயர்: லோர்காவின் 'யெர்மா'வும் அதன் ஆப்பிரிக்கான்ஸ் மொழியாக்கமும்

முன்னுரை

ஒரு மொழியின் வளத்தை அதன் காப்பியங்களைக் கொண்டும் இலக்கணங்களைக் கொண்டும் அளப்பது நம் வழக்கம். அம்மொழி ஒரு பெண்ணின் துயரை எந்தச் சொல்லால் குறிக்கின்றது என்பதைக் கொண்டும் அதனை அளக்கலாம். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஒரு நாடகத்தையும், அது வேற்றுமொழி ஒன்றில் புகுந்த வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாடகம் ஸ்பானியக் கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்கா இயற்றிய 'யெர்மா'. அதனை ஏற்றுக்கொண்ட மொழி, தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆப்பிரிக்கான்ஸ். மொழிபெயர்த்தவர் உய்ஸ் கிரீகெ என்னும் கவிஞர்.

ஸ்பெயினும் தென்னாப்பிரிக்காவும் நமக்குத் தொலைவிலுள்ள நாடுகள். ஆயினும் இந்நாடகம் எழுப்பும் வினா தொலைவிலுள்ளதன்று. மகப்பேறு வாய்க்காத பெண்ணுக்கு ஊர் ஒரு பெயர் சூட்டுகின்றது. அப்பெயரைச் சூட்டும் உரிமையை ஊருக்கு அளித்தவர் யார் என்பதே அவ்வினா. அதனை மனத்திற்கொண்டு நாடகத்தை முதலிலும், ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அடுத்தும், மொழியாக்கத்தில் எழும் சொற்சிக்கல்களை இறுதியிலும் காண்போம்.

ஆசிரியரும் காலமும்

லோர்கா 1898ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், கிரானடா நகருக்கு அண்மையிலுள்ள ஃபுவேந்தே வாகெரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். கிரானடா, 1492ஆம் ஆண்டு வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம். அங்குள்ள அல்ஹம்ரா அரண்மனையை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் அறிந்திருப்பர். அந்நிலத்தின் அரபுப் பழமையை லோர்கா தம் உடைமையாகவே கருதினார். 'தமரித் திவான்' என்று தம் கவிதைத் தொகுதி ஒன்றுக்குப் பெயரிட்டு, அதிலுள்ள பாடல்களைக் கஸல் என்றும் கஸீதா என்றும் வகைப்படுத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

1931இல் ஸ்பெயினில் குடியரசு மலர்ந்தது. அவ்வாண்டின் அரசமைப்புப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1932இல் மணவிலக்குச் சட்டமும் வந்தது. அதே 1932இல் லோர்கா, 'லா பர்ராக்கா' என்னும் மாணவர் நாடகக் குழுவை வழிநடத்திச் சிற்றூர்தோறும் சென்று, பழைய ஸ்பானிய நாடகங்களை எளிய மக்கள் முன் நடித்துக்காட்டினார். தலைநகரில் சட்டம் மாறினும் சிற்றூரில் பெண்ணின் நிலை மாறவில்லை என்பதை அவர் நேரிற் கண்டிருத்தல் வேண்டும். 'குருதித் திருமணம்' (1933), 'யெர்மா' (1934), 'பெர்னார்தா அல்பாவின் வீடு' (1936) ஆகிய மூன்று நாடகங்களும் சிற்றூர்ப் பெண்டிரின் வாழ்வையே பொருளாகக் கொண்டவை. மூன்றாவது நாடகத்தை எழுதி முடித்த இரு திங்களுக்குள், 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், லோர்கா கிரானடாவுக்கு அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நாடகம் 1945இல் அர்ஜென்டினா நாட்டின் புவனோஸ் அயர்ஸ் நகரில்தான் முதன்முதலாக மேடையேறியது.

நாடகப் பொருள்

'யெர்மா' 1934ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் மத்ரீத் நகரில் அரங்கேறியது. புகழ்பெற்ற நடிகை மார்கரீத்தா சிர்கு தலைமைப் பாத்திரம் ஏற்றார். மூன்று அங்கங்களும் ஆறு காட்சிகளும் கொண்ட இதனை லோர்கா 'துன்பியற் கவிதை' என்றே குறித்தார். உரைநடையும் செய்யுளும் இதில் விரவி வருகின்றன.

கதை சிறியது. தந்தை பார்த்து முடித்த மணத்தை ஏற்று, ஹுவான் என்னும் உழவனின் மனைவியாகின்றாள் யெர்மா. மணமாகி ஈராண்டு கடந்தும் குழந்தை இல்லை. அவளுக்குப்பின் மணமான தோழி மரியா கருவுற்றுக் குழந்தையின் ஆடைக்கென வாங்கிய துணியோடு வந்து நிற்கின்றாள். அத்துணியைத் தைத்துத் தருபவள் யெர்மாவே. ஹுவானுக்கோ நிலமும் ஆடும் வரவும் செலவுமே உலகம். இரவெல்லாம் வயலில் தன் முறைநீரைக் காத்து நிற்பவன், வீட்டில் தனித்திருப்பவளிடம் கதவடைத்து உறங்குமாறு சொல்லிச் செல்கின்றான். ஊர் பேசத் தொடங்கியதும் அவளைக் காவல் செய்ய மணமாகாத தன் சகோதரியர் இருவரை வீட்டிற்குக் கொண்டுவருகின்றான். அவ்விரு நாத்தனார்களும் அரங்கில் பெரும்பாலும் வாய் திறவார். அவர்களது மௌனமே ஊரின் கண்ணாக நின்று யெர்மாவைச் சூழ்கின்றது.

இளமையில் அவள் நெஞ்சைத் தொட்ட விக்தோர் என்னும் ஆயன் ஒருவன் உண்டு. தன் மந்தையை ஹுவானிடமே விற்றுவிட்டு அவன் ஊரை நீங்குகின்றான். அவனைப் பற்றிய நினைவு அவளிடம் இருந்தும் நெறி பிறழ அவள் எண்ணவில்லை. மந்திரம் அறிந்த தொலோரெஸ் என்பவளை நாடி இரவில் இடுகாட்டில் வேண்டுதல் செய்கின்றாள். முடிவில் மகப்பேறு வேண்டும் மகளிர் கூடும் மலைக்கோயில் விழாவிற்குச் செல்கின்றாள். கிரானடாவை அடுத்த மொக்லீன் என்னும் ஊரில் நடைபெறும் விழா இக்காட்சிக்கு மூலமாயிற்று. அங்கே ஒரு கிழவி, கணவனை விட்டுத் தன் மகனோடு வாழ வருமாறு அழைக்கின்றாள். தன் மானத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் பேறு தனக்கு வேண்டா என்று யெர்மா மறுக்கின்றாள். இதனை மறைந்திருந்து கேட்ட ஹுவான், தனக்குக் குழந்தை மீது என்றுமே விருப்பம் இருந்ததில்லை என்பதை வெளிப்படுத்தி, அவளை அணைக்க நெருங்குகின்றான். அவள் அவனது கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகின்றாள். கணவனோடு தன் பிறவா மகனையும் தானே கொன்றுவிட்டதாக உணர்ந்து அவள் நிற்பதோடு நாடகம் முடிகின்றது.

கொலையை இந்நாடகம் போற்றவில்லை. ஒரு நல்ல பெண்ணை அவ்விடம் வரை தள்ளிச் சென்றவை எவை என்பதைப் படிப்படியாகக் காட்டுகின்றது. யெர்மா கெட்டவள் அல்லள். ஹுவானும் கொடியவன் அல்லன். அவன் உழைப்பாளி, மனைவிக்கு உணவிலும் உடையிலும் குறை வைக்காதவன். அவளுக்கு உற்ற குறை எது என்று ஒருநாளும் கேளாதவன் என்பதே அவன் குற்றம்.

செய்யுள் வரும் இடங்கள்

இந்நாடகத்தில் செய்யுள் எங்கெங்கே வருகின்றது என்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதற்காட்சியில் கணவன் வயலுக்குச் சென்றபின், தனித்திருக்கும் யெர்மா பிறவாத தன் குழந்தையை நோக்கிப் பாடுகின்றாள். குழந்தை வினவுவதும் தாய் விடை கூறுவதுமாக அமைந்த அப்பாடல், தொட்டிலில் குழந்தை இல்லாத தாலாட்டு. இரண்டாம் அங்கத்தில் ஓடையில் துணி வெளுக்கும் பெண்டிர் குழுப்பாடலாகப் பாடுகின்றனர். பிள்ளை பெற்ற மனைவியரை வாழ்த்துவதும் பெறாதவளைப் பழிப்பதும் அப்பாடலில் ஒருசேரக் கலந்துள்ளன. அதே அங்கத்தின் அடுத்த காட்சியில், தன் உடலில் தேங்கிய துயரை யெர்மா தனிமொழியாகப் பாடுகின்றாள். இறுதியில் விழாக் கூட்டத்தின் பாடல் எழுகின்றது.

கணவனோடு பேசும்பொழுது யெர்மா உரைநடையில் பேசுகின்றாள். கேட்பார் இல்லாதபொழுதே அவளுக்குப் பாட்டு வருகின்றது. எனவே செய்யுள் இங்கே அணியாக வரவில்லை. வீட்டிற்குள் சொல்லவியலாத ஒன்று வெளிப்படும் வழியாகவே வருகின்றது. ஊராரின் பாட்டு பலர் கூடிப் பாடுவது. யெர்மாவின் பாட்டு தனித்து ஒலிப்பது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பாளர் கதையைக் கொண்டுசெல்வார். நாடகத்தைக் கொண்டுசெல்ல மாட்டார்.

ஆப்பிரிக்கான்ஸ்: அடுக்களையில் வளர்ந்த மொழி

இனி, இந்நாடகத்தை ஏற்ற மொழியைக் காண்போம். 1652இல் ஒல்லாந்தர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தனர். அங்கு உழைக்க அடிமைகளைக் கப்பல்களில் கொணர்ந்தனர். இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்தோரோடு, நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அக்காலத்தில் ஒல்லாந்தரின் வணிகத் தளங்களாக விளங்கியவை என்பதை நாம் அறிவோம். இவ்வடிமைகளும், அந்நிலத்தின் தொல்குடியினரான கொய்கொய் மக்களும், ஒல்லாந்தரும் ஒரே கூரையின்கீழ்ப் பேசிய பேச்சே திரிந்து ஆப்பிரிக்கான்ஸ் ஆயிற்று. சமையல் செய்தவளும் குழந்தையைத் தூங்கவைத்தவளும் பெரும்பாலும் அடிமைப் பெண்களே. மிகுதி என்னும் பொருளுடைய 'பாயெ', வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பிசாங்' ஆகிய சொற்கள் மலாய் மொழியின் கொடை. குழம்பைக் குறிக்கும் 'கெரி' என்னும் சொல்லில் நம் 'கறி' ஒலிக்கின்றது.

கற்றோர் இதனை நெடுங்காலம் 'அடுக்களை மொழி' என்று இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சியிலேயே அம்மொழியின் பிறப்புண்மை பொதிந்துள்ளது. அது பெண்கள் புழங்கிய இடத்தில் வளர்ந்த மொழி.

இம்மொழியின் தொடக்க கால எழுத்து வரலாற்றில் முஸ்லிம்களுக்குத் தனியிடம் உண்டு. கேப் டவுன் நகரத்து மதரஸாக்களில் மாணவர்கள் ஆப்பிரிக்கான்ஸை அரபு எழுத்தில் எழுதிப் பயின்றனர். உதுமானியப் பேரரசிலிருந்து கேப் டவுனுக்கு அனுப்பப்பட்ட அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி, அவ்வெழுத்தில் 'பயானுத்தீன்' என்னும் மார்க்கச் சட்ட நூலை இயற்றினார். அது 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு நமக்குரியது. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், அதே நூற்றாண்டில், அரபுத்தமிழில் 'மகானி' என்னும் மார்க்கச் சட்ட நூலை யாத்தளித்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு கரைகளில், மக்கள் வீட்டில் பேசும் மொழிக்கு மார்க்க நூல் எழுதும் தகுதி உண்டு என்று இரு பெரியோர் ஒரே நூற்றாண்டில் நிறுவியமை வியப்புக்குரியது.

பெண்ணொருத்தியின் பெயரையும் இங்கே குறித்தல் வேண்டும். கேப் டவுனின் டார்ப் தெருவிலுள்ள அவ்வல் பள்ளிவாசலே தென்னாப்பிரிக்காவின் முதற் பள்ளிவாசல். அது எழுந்த இடத்தை வழங்கியவர் சார்ச்சி என்னும் பெண்மணி. அவருடைய தந்தையார் இலங்கையிலிருந்து அடிமையாகச் சென்று விடுதலை பெற்ற கொரிதோன் என்பவர். அடிமைக் குடியில் தோன்றிய ஒருவரின் மகள் வழங்கிய நிலத்தில் ஒரு சமுதாயத்தின் தொழுகையும் கல்வியும் தழைத்தன.

1925இல் ஆப்பிரிக்கான்ஸ் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1948க்குப்பின் இனஒதுக்கல் அரசின் கையில் அது அடக்குமுறையின் மொழியாகவும் ஆயிற்று. 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சொவெட்டோ மாணவர்கள், அதனைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்து எழுந்து குண்டடிபட்டனர். எனினும் குற்றம் ஆட்சியினதே, மொழியினது அன்று. இன்றும் ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோருள் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லாதோரே. 1996ஆம் ஆண்டின் அரசமைப்பில் ஏற்கப்பட்ட ஆட்சிமொழிகளுள் அதுவும் ஒன்று.

மொழிபெயர்ப்பாளர் கிரீகெ

உய்ஸ் கிரீகெ 1910இல் பிறந்து 1987இல் மறைந்தவர். 1930களில் ஆப்பிரிக்கான்ஸ் கவிதைக்குப் புதுநெறி வகுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1930களின் முற்பகுதியில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்து அம்மொழிகளை மக்களிடமிருந்தே கற்றார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று, குண்டு வீசும் பாசிச விமானிகளைச் சாடிக் கவிதை எழுதினார். லோர்காவின் கவிதைகளையும், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றையும் ஆப்பிரிக்கான்ஸில் தந்தார். 1960களில் அவர் மொழிபெயர்த்த 'யெர்மா' நூலாக வெளிவந்தது.

கிரீகெக்கு முன்னரே அந்நிலம் ஓரளவு பண்பட்டிருந்தது எனலாம். அவருடைய தலைமுறையினரான எலிசபெத் எய்பர்ஸ் என்னும் பெண்கவிஞர் 1936இல் தம் முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். கருவுறுதல், தாய்மை, பெண்ணின் அகத்தனிமை ஆகியவற்றை ஆப்பிரிக்கான்ஸில் கவிதையாக்கிய முன்னோடி அவர். 1943இல், அம்மொழியின் உயரிய இலக்கியப் பரிசான ஹெர்ட்சோக் பரிசைப் பெற்ற முதற்பெண் ஆனார். ஒரு மொழியின் பெண்கள் தம் துயரைத் தாமே பாடிய பின்னரே, வேற்றுநாட்டுப் பெண்ணின் துயர் அம்மொழியில் அயலாக ஒலியாது. மொழிபெயர்ப்பு ஒருவரின் புலமையால் மட்டும் விளைவதன்று என்பதற்கு இது சான்றாகும்.

சொல்லும் சிக்கலும்

மொழிபெயர்ப்பாளர் முன் நிற்கும் முதற்சிக்கல் நாடகத்தின் பெயரே. 'யெர்மோ' என்பது ஸ்பானிய மொழியில் பயிரிடப்படாமலும் குடியில்லாமலும் கிடக்கும் நிலத்தைக் குறிக்கும் சொல். அதனைப் பெண்பாலாக்கி லோர்கா ஒரு பெயரைப் படைத்தார். கேட்ட அளவிலேயே ஸ்பானியர் நிலத்தையும் பெண்ணையும் ஒருங்கே காண்பர். வேற்றுமொழியில் அப்பெயரை அவ்வாறே வைத்தால் ஒலி நிற்கும், பொருள் மறையும். பெயரை மொழிபெயர்த்தாலோ பொருள் நிற்கும். அவள் ஒரு பெண் என்பது மறைந்து வெறும் உருவகமாவாள்.

ஆப்பிரிக்கான்ஸில் 'ஒன்ஃப்ரக்பார்' என்றொரு சொல் உண்டு. கருவளம் அற்ற என்பது அதன் பொருள். மண்ணுக்கும் உயிருக்கும் பொது. 'கிண்டர்லூஸ்' என்றால் குழந்தை இல்லாத என்று பொருள். அதில் பழிப்பு இல்லை. 'பிராக்' என்பது உழாமல் விடப்பட்ட நிலத்திற்குரிய உழவர் சொல். இம்மூன்றும் ஒரே பொருளன அல்ல. முதற்சொல் விளையாது என்று தீர்ப்பளிக்கின்றது. இரண்டாவது இருப்பதை மட்டும் கூறுகின்றது. மூன்றாவதோ, இன்னும் உழப்படவில்லை என்கின்றது. 'யெர்மோ'வுக்கு நெருங்கிய உறவு மூன்றாவதே. நாடகத்தில் வரும் கிழவியும் குறை ஹுவானின் குடியிலேயே என்று சாடுகின்றாள். லோர்கா எந்த மருத்துவனையும் அரங்கிற்குக் கொணரவில்லை. யார் பக்கம் குறை என்று தீர்ப்பும் கூறவில்லை. ஆதலால் 'விளையாது' என்னும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் கூறாத தீர்ப்பைத் தாம் கூறியவர் ஆவார்.

இரண்டாவது சிக்கல் எதிர்மறை. ஆப்பிரிக்கான்ஸ் வாக்கியத்தில் 'நி' என்னும் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் இருமுறை வரும். எனக்குக் குழந்தை இல்லை என்பதை அம்மொழியில் சொல்லும்பொழுது, நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் 'நி' ஒலிக்கின்றது. ஸ்பானியத்தில் இல்லாத அழுத்தம் இது. இல்லாமையையே பொருளாகக் கொண்ட ஒரு நாடகத்தில், இலக்கணமே இல்லையென்று இருமுறை கதவடைப்பது போன்ற ஓசையைத் தருகின்றது. நல்ல மொழிபெயர்ப்பில் மூலம் சிலவற்றை இழக்கும்; மூலத்தில் இல்லாத சிலவற்றை ஏற்கும் மொழி தன் இயல்பால் தரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாவது சிக்கல் விளித்தல். ஸ்பானியத்தில் நெருக்கமானவரை 'தூ' என்றும் மதிப்பிற்குரியவரை 'உஸ்தேத்' என்றும் அழைப்பர். இக்கால ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால் அம்மொழிபெயர்ப்புகளில் உறவின் நெருக்கமும் விலகலும் மழுங்கிவிடும். ஆப்பிரிக்கான்ஸிலோ 'யெய்' என்றும் 'யூ' என்றும் இருநிலை உண்டு. அதனினும் சிறப்பு, பெரியோரிடம் முன்னிலைச் சொல்லையே தவிர்த்து உறவுப்பெயரால் பேசும் மரபு. தாயிடம் பேசும் மகள், அம்மா காப்பி அருந்துவார்களா என்பது போல, முன்னிலையிலும் 'மா' என்ற உறவுப்பெயரையே ஆள்வாள். ஊரிலுள்ள முதியவளைத் 'தன்னி' என்றும் முதியவரை 'ஊம்' என்றும் அழைப்பர். நம் வீடுகளில் பெரியம்மா, சாச்சி, மாமி என்று அழைப்பதற்கு இது எத்துணை நெருக்கமானது என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஊரே உறவாகி ஒருத்தியைச் சூழும் நாடகத்திற்கு இத்தகைய மொழி இயல்பாகவே பொருந்துகின்றது.

தமிழில் 'யெர்மா'

இதே நாடகத்தைத் தமிழில் பெயர்க்கும் மாணவர் என்ன செய்வார்? பாடல்களுக்கு அவர் அஞ்ச வேண்டுவதில்லை. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் நம் பெண்டிரின் வாய்மொழிச் செல்வங்கள். இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலும் தாலாட்டுக்கு இடமுண்டு. யெர்மாவின் தனிப்பாடலுக்குத் தாலாட்டின் சந்தமும், ஓடைக்கரைப் பெண்டிரின் பாட்டிற்குக் கும்மியின் நடையும் கைகொடுக்கும்.

தடை நிற்குமிடம் சொல்லே. 'மலடி' என்னும் சொல் நம்மிடம் உண்டு. அதற்கு இணையாக ஆணைப் பழிக்கும் சொல் ஊர்வழக்கில் அவ்வளவாக ஒலிப்பதில்லை என்பதே நம் வழக்கின் சார்பைக் காட்டும். 'மலடி' என்று மொழிபெயர்த்தால் ஓடைக்கரையில் பழி தூற்றும் பெண்டிரின் வாய்ச்சொல்லாக அது பொருந்தலாம். நாடகத்தின் பெயராகப் பொருந்தாது. 'தரிசு' என்பதே 'யெர்மோ'வுக்கு நேரிய சொல். தரிசு என்பது உழுவார் இன்றிக் கிடக்கும் நிலம். விளையவே மாட்டாத நிலம் அன்று.

நம் இலக்கணம் இதனினும் நுட்பமான ஒரு கருத்தைத் தருகின்றது. பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. பிறவியிலேயே பாலையாய் எந்நிலமும் தோன்றுவதில்லை. யெர்மாவும் அத்தகையளே. பேசுவார் இன்மை, கேட்பார் இன்மை, காவல், ஊர்ப்பழி ஆகிய வெம்மைகளே அவளைப் பாலையாக்கின. திணைக்கோட்பாடு அறிந்த தமிழ் மாணவர் இந்நாடகத்தை ஸ்பானிய மாணவரைவிட ஒரு படி ஆழமாகப் படிக்க இயலும் என்பது நம் துணிபு.

சமுதாயம் சிந்திக்க வேண்டியது

திருக்குறள் மக்கட்பேற்றுக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. மக்களைப் போற்றுவது தமிழர் மரபு. அது நம் மார்க்கத்தின் மரபுமாகும். ஆனால் பேற்றைப் போற்றுதல் வேறு. பெறாதவரைத் தூற்றுதல் வேறு. அருள்மறை குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள், பெண்மக்களை அளிப்பதும், ஆண்மக்களை அளிப்பதும், இருபாலரையும் அளிப்பதும், எதுவும் அளிக்காதிருப்பதும் இறைவனின் நாட்டமே என்று உணர்த்துகின்றன. அங்கே பெண்ணை மட்டும் சுட்டும் பழிச்சொல் இல்லை. முதுமை வரை குழந்தைக்காக ஏங்கி இறைஞ்சியவர் ஓர் இறைத்தூதர். ஜக்கரிய்யா (அலை) அவர்கள். அவ்வேக்கத்தைக் குறையென்று எவரும் கருதுவதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள், சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால், 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைக்கப்பெறும் சிறப்பை அன்னையாருக்கு அருளினார்கள். அப்துல்லாஹ்வின் தாய் என்பது அதன் பொருள். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்து, ஆண் அறிஞர்களும் ஐயம் தெளிய நாடிவந்த ஆசானாக அன்னையார் விளங்கினார்கள். ஊர் யெர்மாவுக்கு ஒரு பெயர் சூட்டியது. பெருமானாரும் (ஸல்) ஒரு பெயர் சூட்டினார்கள். இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவே பண்பாட்டின் தொலைவு.

மருத்துவ அறிவும் இதனையே வலியுறுத்துகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் கருவளக் குறைவை எதிர்கொள்கின்றனர். காரணம் ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம். அங்ஙனமிருந்தும் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுபவளும், தொட்டில் விழா நடைபெறும் வீட்டில் முன்வரத் தயங்கி நிற்பவளும் பெண்ணே. ஹுவானைப் போல உணவும் உடையும் குறைவின்றி அளித்துவிட்டோம் என்று அமைதியுறும் கணவர்களும், வாய் திறவா நாத்தனார்களைப் போலப் பார்வையாலேயே புண்படுத்தும் உறவினரும் ஸ்பெயினில் மட்டுமே இருந்தனர் என்று சொல்லிவிட இயலாது.

நிறைவுரை

1934இல் மத்ரீதில் அரங்கேறிய ஒரு பெண்ணின் துயர், அடிமைப் பெண்கள் அடுக்களையில் வளர்த்த ஒரு மொழியில் கால் நூற்றாண்டு கடந்து புகுந்தது. இகழப்பட்ட மொழி, இகழப்பட்ட பெண்ணின் குரலைத் தாங்கியது. ஒரு மொழியின் தகுதியை அதன் அரசோ அகராதியோ அறுதியிடுவதில்லை. அது யாருடைய துயருக்கு இடம் கொடுக்கின்றது என்பதே அறுதியிடுகின்றது என்பதை இவ்வாய்வு நமக்கு உணர்த்துகின்றது.

மொழிபெயர்ப்பைப் பாடமாகப் பயிலும் மாணவ, மாணவியர் இந்நாடகத்தின் ஒரு காட்சியையேனும் தமிழாக்கிப் பார்த்தல் நலம். ஓடைக்கரைக் காட்சி அதற்கு ஏற்றது. பழிக்கும் சொற்களைத் தமிழில் தேடும்பொழுது அவை எத்துணை எளிதில் கிடைக்கின்றன என்பதை அவர்கள் உணர்வர். ஆறுதற் சொற்களைத் தேடும்பொழுது சற்று நேரம் பிடிக்கும். அந்நேரத்தைச் செலவிட்டுத் தேடுவது மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டும் உரிய கடமை அன்று. தாய்மொழியால் வாழும் நம் அனைவர்க்கும் உரியது.